ஆதிச்சநல்லூரில் தோண்டியது 2004-ல்... தேதி தெரிந்தது 2019-ல்! நம் பல்கலைக்கழக ஆய்வுகள் ஏன் திறக்கப்பட வேண்டும்?

2004-ல் பிறந்த ஒரு குழந்தை, 2019-ல் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் வயதுக்கு வந்திருக்கும். அதே 2004-ல் ஆதிச்சநல்லூர் மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்த பொருள்களின் கார்பன் டேட்டிங் முடிவு, அந்தக் குழந்தை பத்தாம் வகுப்புக்கு வரும்வரை ஊருக்குத் தெரியவில்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நடந்த ஒரு வழக்கில்தான் அது வெளியே வந்தது. ஒரு மாதிரியின் காலம் கி.மு. 905 என்றார்கள்.

இடைப்பட்ட 15 ஆண்டுகளில் என்னாச்சு? பொருள்கள் கிடங்கில் இருந்தன. குறிப்புகள் கோப்புகளில் இருந்தன. வெளியேதான் வரவில்லை.

ஆய்வு செய்வது பாதி வேலை. அதை அடுத்தவர் எடுத்துப் பார்த்து, சரிபார்த்து, மேலே கொண்டுபோகிற மாதிரி வைப்பது மீதிப் பாதி. இந்த மீதிப் பாதிக்கு நம் உயர்கல்வி அமைப்பு மதிப்பெண்ணே போடுவதில்லை. அந்த வேலையைச் செய்கிறவர்களின் பெயரும் பெரும்பாலும் எங்கேயும் வருவதில்லை. தாமிரபரணிக் கரையில் நடந்த சில விஷயங்களை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம்.

ஆதிச்சநல்லூரில் நடந்தது என்ன?

நெல்லையிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், ஆற்றின் தென்கரையில் இருக்கிறது ஆதிச்சநல்லூர். 114 ஏக்கர் மேட்டு நிலம். ஊர்க்காரர்கள் ‘பரம்பு’ என்று சொல்வார்கள். 1876-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஜாகர் இங்கே தோண்டி, கிடைத்தவற்றை பெர்லினுக்கு எடுத்துச் சென்றார். 1899 முதல் சில ஆண்டுகள் இந்தியத் தொல்லியல் துறையின் அலெக்ஸாண்டர் ரீ தோண்டினார். பொன் நெற்றிப்பட்டங்கள், வெண்கலப் பொருள்கள், இரும்புக் கருவிகள் என்று குவியலாகக் கிடைத்தன.

ரீ செய்த ஒரு காரியம் முக்கியமானது. கிடைத்ததை ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டு, 1915-ல் புத்தகமாக அச்சிட்டார். பொருள்கள் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. அங்கிருந்த மண்டை ஓடுகளை ஆராய்ந்து சாலி சுக்கர்மேன் என்ற உடற்கூறியல் அறிஞர் 1930-ல் தனி ஆய்வு ஒன்றை வெளியிட்டார். முதல் ஆள் விட்ட இடத்திலிருந்து அடுத்த ஆள் தொடங்க முடிந்தது. ரீயின் முடிவுகளில் பலவற்றை இன்று யாரும் ஏற்பதில்லை. ஆனால் அவருடைய பட்டியலை நூறு ஆண்டு கழித்தும் எடுத்துப் பார்க்கிறார்கள்.

அடுத்தது 2004-05. தொல்லியல் துறையின் டி. சத்தியமூர்த்தி தலைமையில் நடந்த அந்த அகழாய்வில் 150-க்கும் மேற்பட்ட முதுமக்கள் தாழிகள் கிடைத்தன. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் முழு அறிக்கை வெளியாக 15 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதற்கும் எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு தொடுத்த பொதுநல வழக்கு போன்ற அழுத்தங்கள் தேவைப்பட்டன. ஓர் ஆய்வு அறிக்கையைப் படிக்க நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது என்பதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

சீக்கிரம் வெளியிட்டால் என்ன ஆகும்?

சண்டை வரும். நல்ல சண்டை.

கீழடியில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2018-ல் நான்காம் கட்ட அகழாய்வு செய்தது. 2019 செப்டம்பரில் முடிவுகள் எளிய நூலாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்துவிட்டன. கி.மு. 6-ஆம் நூற்றாண்டு என்ற தேதியைப் பார்த்ததுமே, ‘அந்த மாதிரியை எந்த ஆழத்தில் எடுத்தீர்கள், அதை வைத்துப் பானை எழுத்துக்கும் அதே தேதியைச் சொல்லலாமா’ என்று அறிஞர்கள் சிலர் கேள்வி எழுப்பினார்கள். துறை சார்பில் பதில் சொன்னார்கள். விவாதம் இன்னும் ஓயவில்லை.

சிவகளையும் அப்படித்தான். தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021 செப்டம்பரில் சட்டப்பேரவையில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். 2025 ஜனவரியில் ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை வந்தபோது, சிவகளை மாதிரி ஒன்றின் தேதி கி.மு. 3345 வரை போனது. அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக், லக்னோவின் பீர்பால் சஹானி நிறுவனம் என்று எந்த ஆய்வகம் எந்தத் தேதியைச் சொன்னது என்பது அதில் இருக்கிறது. ‘தேதி கரிக்கு உரியது, அதே குழியில் கிடைத்த இரும்புக்கும் அதுதான் வயதா’ என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. சந்தேகப்படட்டும். அறிக்கை கையில் இருப்பதால்தான் அவர்களால் குறிப்பாகக் கேள்வி கேட்க முடிகிறது.

இதற்கு நேர் எதிர் உதாரணமும் கீழடிதான். இந்தியத் தொல்லியல் துறை அங்கே செய்த முதல் இரண்டு கட்ட அகழாய்வு பற்றி அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் 982 பக்க அறிக்கை கொடுத்தார். 2025 மே மாதம், திருத்தம் செய்யச் சொல்லி அது திருப்பி அனுப்பப்பட்டது. அறிவியல் காரணம் என்கிறது துறை. அரசியல் என்கிறது தமிழ்நாடு அரசு. ஆய்வுக்குழிப் படங்களும் மாதிரிப் பட்டியலும் முதலிலேயே பொதுவெளியில் இருந்திருந்தால், யார் சொல்வது சரி என்று துறை வல்லுநர்கள் நேரடியாகப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள்.

‘திறந்த அறிவியல்’ என்றால் என்ன?

ஆங்கிலத்தில் ‘ஓப்பன் சயின்ஸ்’ என்கிறார்கள். பலர் இதை ‘இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் கட்டுரை’ என்று மட்டும் புரிந்துகொள்கிறார்கள். அது ஒரு பகுதிதான். மொத்தம் நான்கு விஷயங்கள் உண்டு.

ஒன்று, ஆய்வுக் கட்டுரையை யார் வேண்டுமானாலும் படிக்க முடிய வேண்டும். இரண்டு, முடிவுக்கு அடிப்படையான தரவு, அதாவது டேட்டா, எடுத்துப் பார்க்கக் கிடைக்க வேண்டும். மூன்று, எந்த முறையில், எந்தக் கருவியில், எந்த மென்பொருளில் செய்தோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். நான்கு, ஆய்வகத்துக்கு வெளியே இருப்பவர்களும் அறிவை உருவாக்குவதில் பங்கு பெற வேண்டும். அவர்கள் பங்கு அங்கீகரிக்கப்பட வேண்டும்.

இது யாரோ சில பேராசிரியர்களின் ஆசை கிடையாது. 2021 நவம்பரில் யுனெஸ்கோவின் 193 உறுப்பு நாடுகள் இதற்கான பரிந்துரையை ஏற்றுக்கொண்டன. இந்தியாவும் அதில் ஒன்று. அதற்கும் முன்பே, 2014 டிசம்பரில், மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் தங்கள் நிதியில் நடக்கும் ஆய்வுகளின் கட்டுரைகளைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும் என்று கொள்கை வெளியிட்டன. சென்னையைச் சேர்ந்த தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாச்சலம் போன்றவர்கள் பல ஆண்டுகளாக இதைச் சொல்லி வருகிறார்கள். காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. நடைமுறையில்தான் இழுபறி.

இதெல்லாம் தொல்லியல் துறை கதை. பல்கலைக்கழகத்துக்கு என்ன வந்தது?

அபிஷேகப்பட்டிக்கு வருவோம். 1990-ல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்கள் வருகின்றன. பாளையங்கோட்டையில் தெருவுக்கு ஒரு கல்லூரி. அவற்றில் நூறு ஆண்டு தாண்டியவையும் உண்டு. ஆழ்வார்குறிச்சியில் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் ஆய்வு மையம் இயங்குகிறது. தாவரம், பூச்சி, மீன், மண், தண்ணீர், நாட்டார் வழக்காறு என்று இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பற்றி ஆண்டுதோறும் முனைவர் பட்ட ஆய்வேடுகள் வந்துகொண்டே இருக்கின்றன.

நல்ல செய்தி என்னவென்றால், யுஜிசி விதிப்படி ஆய்வேட்டின் மின் பிரதியை ‘ஷோத்கங்கா’ என்ற தேசியக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும். போனிலேயே தேடிப் படிக்கலாம். இந்த அளவில் இந்தியா பல நாடுகளைவிட முன்னே இருக்கிறது.

ஆனால் அங்கே கிடைப்பது பிடிஎஃப். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு ஸ்காலர் தாமிரபரணித் தண்ணீரின் தரத்தை ஆராய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை ஓடும் ஆற்றில் 10 இடங்கள். மாதம் ஒரு முறை மாதிரி. மூன்று ஆண்டுகள். மொத்தம் 360 மாதிரிகள். ஒவ்வொன்றிலும் கரைந்த ஆக்சிஜன், நைட்ரேட், கோலிஃபார்ம் கிருமி என்று பல அளவீடுகள். காலை 5 மணிக்கு பஸ் பிடித்து, ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்த உழைப்பு அது.

ஆய்வேட்டில் எவ்வளவு வரும்? சராசரிக் கணக்கு, நாலு அட்டவணை, சில வரைபடங்கள். 360 மாதிரிகளின் முழு எண்களும் ஸ்காலரின் லேப்டாப்பில் எக்ஸெல் கோப்பாக இருக்கும். வைவா முடியும். பட்டம் வரும். வேலை தேடி வேறு ஊருக்குப் போவார். லேப்டாப் ஒருநாள் உயிரை விடும். கோப்பும் கூடவே போய்விடும்.

ஐந்து ஆண்டு கழித்து ஆற்றில் மீன்கள் செத்து மிதக்கின்றன என்று வையுங்கள். ‘இந்த இடத்தில் முன்பு தண்ணீர் எப்படி இருந்தது’ என்று ஒரு பொறியாளரோ, ஒரு வழக்கறிஞரோ, ஆற்றங்கரை ஊர்க்காரரோ கேட்டால், கையில் கொடுக்க சராசரி எண் மட்டும்தான் இருக்கும். அடுத்த ஸ்காலர் திரும்பவும் பாபநாசத்திலிருந்து முதல் பாட்டிலை நிரப்பத் தொடங்குவார். நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கிற தண்ணீர் இது. ஒவ்வொரு தடவையும் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால், ஆறு எந்தப் பக்கம் போகிறது என்பது யாருக்குத் தெரியும்?

சரி, ஸ்காலர்கள் ஏன் டேட்டாவை வெளியிடுவதில்லை?

சோம்பல் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. வெளியிட்டால் என்ன கிடைக்கும் என்று பார்த்தால், ஒன்றும் கிடைக்காது. அதுதான் காரணம்.

யுஜிசியின் 2018 விதிமுறைகளில் ஆசிரியர்களுக்கு ஆய்வு மதிப்பெண் அட்டவணை ஒன்று இருக்கிறது. அறிவியல் துறையில் ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு 8 மதிப்பெண். மொழி, கலை, சமூக அறிவியல் துறைகளில் 10. ஒருவர் வழிகாட்டலில் ஒரு பி.எச்டி. முடிந்தால் கைடுக்கு 10. காப்புரிமைக்கு மதிப்பெண் உண்டு, கருத்தரங்க உரைக்கும் உண்டு. ஆனால் ஒழுங்குபடுத்தி வெளியிட்ட தரவுத் தொகுப்புக்கு அந்த அட்டவணையில் தனி இடம் இல்லை. இன்னொருவர் ஆய்வைத் திரும்பச் செய்து சரிபார்ப்பதற்கும் இல்லை.

இன்னொரு விதியையும் கவனியுங்கள். கட்டுரையில் இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கு 70 சதவீத மதிப்பெண். இரண்டு பேருக்கு மேல் போனால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்ற ஒவ்வொருவருக்கும் 30 சதவீதம். பெரிய குழுவாகச் சேர்ந்து, பல ஆண்டு உழைத்து ஒரே ஒரு நல்ல ஆய்வைச் செய்வதைவிட, இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து சின்னச் சின்னக் கட்டுரைகளை நறுக்கிப் போடுவதுதான் லாபம். அட்டவணை சொல்லாமல் சொல்கிற பாடம் இது.

இந்த எண்ணிக்கை விளையாட்டின் விளைவைத்தான் நாடு பார்த்துக்கொண்டிருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு எதை வேண்டுமானாலும் அச்சிடும் போலி ஜர்னல்கள் முளைத்தன. அவற்றை வடிகட்ட யுஜிசி ‘கேர்’ பட்டியல் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிடுவதாக அறிவித்தது. இனி ஜர்னலின் தரத்தைக் கல்வி நிறுவனங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். பி.எச்டி. சமர்ப்பிக்க கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் 2022 விதிமுறையில் நீக்கப்பட்டது. 2025-ன் என்.ஐ.ஆர்.எஃப் தரவரிசையில், தவறு காரணமாகத் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு முதல் முறையாக மதிப்பெண் குறைக்கப்பட்டது.

எல்லாம் தேவையான நடவடிக்கைகள்தான். ஆனால் பெரும்பாலும் தப்பு செய்தால் அடி என்கிற வகை. நல்லது செய்தால் என்ன பரிசு என்பதை யாரும் சொல்லவில்லை. 2025 ஜனவரியில் யுஜிசி வெளியிட்ட வரைவு விதிமுறை, மதிப்பெண் முறைக்குப் பதிலாக 9 வகைப் பங்களிப்புகளை முன்வைத்தது. சமூகப் பணியும் இந்திய மொழிகளில் கற்பித்தலும் அதில் வந்தன. திறந்த தரவு என்று தனி வகை வரவில்லை. துணைவேந்தர் நியமனம் பற்றிய மத்திய-மாநில மோதலில் இந்தப் பகுதியைப் பெரும்பாலோர் படிக்கவே இல்லை.

பணம் இருந்தால்தான் ‘ஓப்பன்’ ஆக முடியுமா?

இளம் ஆய்வாளர்களிடம் பரவலாக இருக்கும் பயம் இது. சில பெரிய ஜர்னல்களில் கட்டுரையை இலவசமாகப் படிக்கக் கொடுக்க, எழுதியவர் ஆயிரக்கணக்கான டாலர் கட்ட வேண்டும். ஃபெல்லோஷிப் பணத்தில் ஹாஸ்டல் ஃபீஸ் கட்டுகிறவருக்கு அது நடக்காத காரியம்.

ஆனால் அது ஒரே வழி அல்ல. கட்டுரையின் முன்வரைவைக் களஞ்சியத்தில் ஏற்றலாம். இயற்பியலாளர்கள் 1991 முதல் அதைத்தான் செய்கிறார்கள். பெரும்பாலான ஜர்னல்கள், ஏற்கப்பட்ட கட்டுரையின் ஆசிரியர் பிரதியை ஏதாவது ஒரு நிபந்தனையோடு பகிர அனுமதிக்கின்றன. ஜெனிவாவின் செர்ன் நிறுவனம் நடத்தும் ‘ஜெனோடோ’ தளத்தில் தரவுத் தொகுப்பை இலவசமாக ஏற்றலாம். ஏற்றியதும் டிஓஐ என்ற நிரந்தர எண் கிடைக்கும். அடுத்தவர் அதை மேற்கோள் காட்டும்போது ஏற்றியவர் பெயரும் கூடவே போகும்.

படிக்கும் பக்கமும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஜர்னல்களை, மத்திய, மாநில அரசுகள் நடத்தும் 6,300 நிறுவனங்கள் படிக்கலாம். பல்கலைக்கழக மாணவருக்கு இது பெரிய வரம். ஆனால் அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கும் பள்ளி ஆசிரியருக்கோ, தனியாக ஆய்வு செய்பவருக்கோ கதவு மூடியேதான் இருக்கிறது. அதோடு, இந்தப் பணம் படிப்பதற்கான பணம். நாம் எழுதியதை உலகம் படிப்பதற்கு இது உதவாது.

பெயர் யாருக்குப் போகிறது?

சிவகளைப் பரம்பில் தாழிகள் இருப்பதை அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் மாணிக்கம் என்ற வரலாற்று ஆசிரியர். கிராமங்களில் அகழாய்வுக்குழியில் இறங்கி, பிரஷ்ஷால் மண்ணைத் தட்டித் தட்டிப் பானை ஓட்டை உடையாமல் எடுப்பவர்களில் பலர் தினக்கூலிக்கு வரும் உள்ளூர்ப் பெண்கள். நாலு மாதத்தில் அவர்கள் கண்ணுக்கு எது வெறும் கல், எது பழைய ஓடு என்று பழகிவிடும். அறிக்கையின் முதல் பக்கத்தில் அவர்கள் பெயர் எத்தனை முறை வந்திருக்கிறது?

பல்கலைக்கழகத்துக்குள்ளும் இதே கதைதான். கருவியை ஓட்டித் தந்த ஆய்வக உதவியாளர், புள்ளியியல் கணக்குப் போட்டுக் கொடுத்த சீனியர், இனம் கண்டு சொன்ன மீனவர் எல்லோரும் கட்டுரையின் கடைசியில் ‘நன்றி’ என்ற ஒற்றை வரியில் போய்விடுகிறார்கள். சில நேரம் அதுவும் இல்லை. இன்னொரு பக்கம், ஒரு எழுத்துகூட எழுதாதவர் பதவியின் பேரில் ஆசிரியர் பட்டியலில் ஏறிக்கொள்வதும் நடக்கிறது.

இதற்கு உலக அளவில் ஒரு தீர்வு இருக்கிறது. ‘கிரெடிட்’ என்று பெயர். யோசனை யாருடையது, களத்துக்குப் போனது யார், தரவை ஒழுங்குபடுத்தியது யார், மென்பொருள் எழுதியது யார், மேற்பார்வை யார் என்று 14 பங்குகளாகப் பிரித்துப் பெயர் போடுவார்கள். பல ஜர்னல்கள் இதைக் கேட்டு வாங்குகின்றன. நாம் ஆய்வேட்டில் இதைச் செய்ய ஒரு பக்கம் போதும்.

குளத்தங்கரையில் ஏற்கெனவே நடக்கிறது

புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. 2011 முதல் ஜனவரி மாதங்களில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாறு பகுதியில் இயங்கும் ஏட்ரீ அமைப்பின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம், உள்ளூர் இயற்கை அமைப்புகளோடு சேர்ந்து இதை நடத்துகிறது. கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், பறவை ஆர்வலர்கள் என்று பலரும் பைனாகுலரோடு நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் குளங்களுக்குப் போய்க் கூழைக்கடா எத்தனை, நத்தைகுத்தி நாரை எத்தனை என்று எண்ணுகிறார்கள்.

2015-ல் தொடங்கிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பட்டியல்கள் ‘இ-பேர்டு’ தளத்தில் ஏறுகின்றன. ஒவ்வொரு பட்டியலிலும் இடம், நேரம், எண்ணியவர் பெயர். பிளஸ் டூ மாணவர் போட்டாலும் பேராசிரியர் போட்டாலும் மரியாதை ஒன்றுதான். இப்படி 30,000-க்கும் மேற்பட்டோர் தந்த சுமார் 3 கோடிப் பதிவுகளை வைத்துத்தான் 2023-ல் ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை வந்தது. 942 பறவை இனங்கள் அதில் மதிப்பிடப்பட்டன. ஒரு குளத்தங்கரையில் பொங்கல் லீவில் எண்ணிய எண், தேசிய அறிக்கைக்குள் போகிறது. எண் திறந்தே இருந்தது, எண்ணியவர் பெயரும் அதோடு ஒட்டியே இருந்தது. இந்த இரண்டும்தான் பல்கலைக்கழக ஆய்வில் விடுபட்டிருக்கிறது.

எல்லாவற்றையும் திறந்துவிடலாமா?

கூடாது. இதில் அவசரம் ஆபத்து.

தோண்டாத தாழிக்காட்டின் துல்லியமான இடத்தை இணையத்தில் போட்டால், அடுத்த வாரம் கடப்பாரையோடு ஆள் வரலாம். அரிய பறவையின் கூடு இருக்கும் இடமும் அப்படித்தான். இ-பேர்டு தளமே அத்தகைய இனங்களின் இடத்தை மறைத்துத்தான் காட்டுகிறது. நோயாளிகளின் விவரங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பொதிகை மலையின் காணி மக்கள் அனுபவம் இன்னும் ஆழமானது. 1987-ல் அகத்தியமலைக்கு வந்த விஞ்ஞானிகள், வழிகாட்டியாக வந்த காணிகள் ஒரு செடியின் காயைத் தின்று களைப்பில்லாமல் நடப்பதைக் கவனித்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து திருவனந்தபுரத்தில் உள்ள ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி, கேரளக் காணிகளின் அறக்கட்டளைக்கு என்று முடிவானது. பாரம்பரிய அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி ஏற்பாடு என்று உலகம் பாராட்டியது. ‘எங்களில் எல்லோரையும் கேட்டீர்களா’ என்ற விமர்சனமும் காணிகளிடமிருந்தே வந்தது. மலையின் இந்தப் பக்கம், பாபநாசத்துக்கு மேலேயும் காணிக் குடியிருப்புகள் உண்டு. அவர்களிடம் மூலிகை பற்றிக் கேட்டு எழுதும் ஆய்வேடு, அவர்கள் சம்மதமும் பங்கும் இல்லாமல் இணையத்தில் ‘திறந்து’ கிடந்தால், அது திறந்த அறிவியல் ஆகாது. அடுத்தவர் வீட்டுக் கதவை நாம் திறந்துவிட்ட கதையாகிவிடும்.

‘என் டேட்டாவை வேறொருவர் முந்திக்கொண்டு எடுத்துவிட்டால்?’ என்ற கவலையும் நியாயமானது. அதற்கு ஓராண்டோ இரண்டாண்டோ மூடி வைத்துப் பிறகு திறக்கும் ஏற்பாடு பல களஞ்சியங்களில் இருக்கிறது. தேதி போட்டு மூடுவது வேறு, தேதியே இல்லாமல் மூடுவது வேறு. ஆதிச்சநல்லூரில் நடந்தது இரண்டாவது.

நெல்லையில் என்ன செய்யலாம்?

யுஜிசி மாறட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பல்கலைக்கழகம் தன் அதிகாரத்துக்குள்ளேயே சிலவற்றைச் செய்துவிடலாம்.

முதலாவது, ஆய்வேட்டோடு தரவுக் கோப்பும் வர வேண்டும். எக்ஸெல் கோப்பு, எந்தப் பத்தி எதைக் குறிக்கிறது என்ற குறிப்பு, அவ்வளவுதான். மூட வேண்டியது இருந்தால் காரணமும் திறக்கும் தேதியும் எழுதிவிடலாம்.

இரண்டாவது, ஒவ்வொரு ஆய்வேட்டிலும் பங்களிப்புப் பக்கம். களப்பணியில் யார், ஆய்வகத்தில் யார், தகவல் தந்த ஊர்க்காரர்கள் யார் என்று அவர்கள் சம்மதத்தோடு பெயர் போட வேண்டும்.

மூன்றாவது, பல்கலைக்கழகமே தரும் சிறந்த ஆய்வாளர் விருது, ஆய்வு நிதி போன்றவற்றில் கட்டுரை எண்ணிக்கையைக் கேட்பதை விட்டுவிட்டு, ‘உங்களுடைய சிறந்த மூன்று பங்களிப்புகள் எவை’ என்று கேட்கலாம். தரவுத் தொகுப்பும் அதில் ஒன்றாக இருக்கலாம்.

நான்காவது, ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம். ஆற்று நீரை ஆராய்ந்தவர் சீவலப்பேரியில் மாதிரி எடுத்திருந்தால், முடிவு சீவலப்பேரி ஊராட்சிக்கும் போக வேண்டும்.

ஐந்தாவது, கல்லூரி நூலகர்களுக்குப் பயிற்சி. களஞ்சியத்தில் ஏற்றுவது, டிஓஐ வாங்குவது, போலி ஜர்னலை அடையாளம் காண்பது ஆகியவற்றுக்கு ஸ்காலர் போய்க் கேட்க ஓர் ஆள் வேண்டும். கைடே எல்லாவற்றையும் சொல்லித் தருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

இதில் எதற்கும் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை. ஓர் ஆட்சிக்குழுத் தீர்மானமும், அதைக் கண்டிப்பாக நடத்தும் மனமும் போதும்.

தாமிரபரணிக் கரை பற்றிப் பெருமையாகப் பேச இப்போது நிறைய இருக்கிறது. அந்தப் பெருமை நிற்பது எண்களின் மேல். அந்த எண்கள் நிற்பது யாரோ சிலரின் உழைப்பின் மேல். இந்த ஆண்டு பி.எச்டி. பதிவு செய்யும் ஒருவரின் எண்கள், 15 ஆண்டு கழித்து வழக்குப் போட்டால்தான் கிடைக்குமா, அல்லது ஆற்றங்கரையில் நின்றுகொண்டு போனில் தேடினாலே கிடைக்குமா? முடிவு செய்ய வேண்டியது அபிஷேகப்பட்டி. முடிவு செய்ய வேண்டிய நேரம், அந்த லேப்டாப் உயிரை விடுவதற்கு முன்பு.